பாசிக்குப் போகும் அம்மா

"நீ பொம்பளப் புள்ள, வத்தைல ஏறக் கூடாது."

ராமேஸ்வரம் பக்கம், பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் கரையில், வத்தை என்கிற படகில் ஏறப்போன தங்கச்சியை ஆறு வயதுப் பையன் விரட்டுகிறான்.

பக்கத்திலேயே அவன் அம்மா கடல்பாசி மூட்டையை இறக்குகிறார். கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி எடுத்த பாசி. பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணியைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை.

மூன்று வயதுக்குள்ளேயே ஆண், பெண் என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கும் பிள்ளைகள், ஐந்து, ஆறு வயதில் அதைச் சட்டமாகவே பிடித்துக்கொள்கிறார்கள். அப்பா கரையேறினால் சோறு தயாராக இருக்கிறது. அம்மா கரையேறினால் நேராக அடுப்படிக்குப் போகிறார். பிள்ளை இதைத்தானே தினமும் பார்க்கிறது?

பாசி எடுக்கும் பெண்களுக்காக நின்று 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமெரிக்க அமைப்பான சீகாலஜியின் விருது வாங்கிய லட்சுமி இதே ஊர்க்காரர். அவர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பையன்களுக்கு முதலில்.