பஸ்கா மேசையை அணுகும் கிறிஸ்தவர்கள்

யூதப் பண்டிகைகளை அறிய விரும்பும் கிறிஸ்தவக் குடும்பங்களை நான் மனமார வரவேற்கிறேன். இயேசுவின் பெற்றோர், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து பெற்ற விடுதலையை நினைவுகூரும் பஸ்காவுக்காக ஆண்டுதோறும் எருசலேமுக்குச் சென்றதை லூக்கா எழுதுகிறார். இன்று ஹனுக்கா எனப்படும் பிரதிஷ்டைப் பண்டிகையின்போது இயேசு தேவாலயத்தில் உலாவியதை யோவான் 10-ஆம் அதிகாரம் சொல்கிறது.

எனினும் பஸ்காவில் கவனம் தேவை. புளிப்பில்லா அப்பமும் கசப்பான கீரையும் யாத்திராகமம் 12-இலேயே உள்ளன. நான்கு கிண்ணத் திராட்சரசமும் பிள்ளைகளின் கேள்விகளும் கொண்ட சேதர் எனும் பஸ்கா இரவு விருந்தின் ஒழுங்கோ, கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் அழிந்து பலி செலுத்த வழியற்றுப்போன காலத்தில் ரபீமார் எனும் யூதப் போதகர்களின் கையில் உருப்பெற்று, ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா எனும் யூதச் சட்ட நூலில் பதிவானது. ஆகவே இயேசுவின் கடைசி இராப்போஜனம் இதே முறையில்தான் நடந்தது என்று கற்பிப்பது சரியல்ல. இடைக்கால ஐரோப்பாவில் பெரிய வெள்ளியையொட்டி யூதர்கள் தாக்கப்பட்டதை நினைக்கையில், சபையில் நாமே சேதர் நடத்துவதைவிட, யூதக் குடும்பம் அழைத்தால் விருந்தினராகச் செல்வதே மரியாதை என்பேன்.

குடும்ப வேர்களைத் தேடுவோரின் நிலை வேறு. 1492-இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியபோது ஞானஸ்நானம் பெற்றுத் தங்கிவிட்ட குடும்பங்களில் சில, யூத ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி மாலைகளில் மறைவாக விளக்கேற்றி வந்தன. அவர்களுடைய சந்ததியார் முதியோரின் நினைவுகளையும் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் இப்படி மறைவாக யூத வழக்கங்களைக் கைக்கொண்டோரை விசாரித்த கத்தோலிக்க விசாரணை மன்றத்தின் ஆவணங்களையும் ஒப்பிட்டுப் பொறுமையாகத் தேடுவது, பறிக்கப்பட்ட தங்கள் உடைமையைக் கேட்பதாகும்.