இருபத்தெட்டாவது ஆள்

பேஸ்பாலில் எத்தனையோ சாதனைகள் இருக்கின்றன. எனக்கு மறக்க முடியாதது, சாதனையாகக் கணக்கில் ஏறாத ஓர் ஆட்டம்.

2010 ஜூன் 2, டெட்ராய்ட். வெனிசுவேலாக்காரரான அர்மாண்டோ கலராகா டெட்ராய்ட் அணிக்காகப் பந்து வீசுகிறார். எதிரில் கிளீவ்லாந்து அணி. 26 பேர் வந்தார்கள், 26 பேரும் ஆட்டமிழந்தார்கள். இன்னும் ஒருவர் போனால் ‘பர்ஃபெக்ட் கேம்’: எதிரணியில் ஒருவரைக்கூடத் தளத்தை எட்டவிடாமல் 27 பேரையும் வரிசையாக வெளியேற்றும் ஆட்டம். அதற்குமுன் நூறாண்டுக்கும் மேலான வரலாற்றில் 20 முறைதான் அது நடந்திருந்தது.

27-வது ஆள் ஜேசன் டொனால்ட் அடித்த பந்தை மிகேல் கப்ரேரா எடுத்து வீச, முதல் தளத்துக்கு ஓடிவந்த கலராகா பிடித்துவிட்டார். டொனால்டின் கால் அதற்குப் பிறகுதான் தளத்தைத் தொட்டது; அப்படியானால் அவர் அவுட். ஆனால் நடுவர் ஜிம் ஜாய்ஸ் இரு கைகளையும் விரித்தார்: ‘சேஃப்’, அதாவது அவுட் இல்லை!

கலராகா கத்தவில்லை. மெல்லச் சிரித்தார், அவ்வளவுதான். நானாக இருந்தால் தொப்பியைக் கழற்றி எறிந்திருப்பேன். அவரோ திரும்பிப்போய் 28-வது ஆளையும் வெளியேற்றி ஆட்டத்தை முடித்தார்.

ரீப்ளே பார்த்த ஜாய்ஸ் தன் தவற்றை அன்றிரவே ஒப்புக்கொண்டார். லீக் தலைமை முடிவை மாற்றவில்லை. (பிடிவாதக்காரர்கள்!)

மறுநாள் பகல் ஆட்டம். ஜாய்ஸ்தான் பிரதான நடுவர். அணிப் பட்டியலை அவர் கையில் கொடுக்க டெட்ராய்ட் சார்பில் கலராகாவே மைதானத்துக்குள் வந்தார். ஜாய்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டே வாங்கிக்கொண்டு, அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.