பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் எங்கு போனாலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள்தான் கண்ணில் படுகின்றன, ஐப்பசி மழையில் ஓடு விலகி பர்மா தேக்கு உத்திரத்தில் தண்ணீர் இறங்கினால் பங்காளிகளுக்குத் தெரியவே மாசக்கணக்காகும். ஈரம் பட்டதும் போனுக்குச் செய்தி அனுப்புகிற சின்ன சென்சார் இதற்குத்தான் வேண்டும். சரி, நம் வீட்டுச் சுவர்களின் கனத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வீட்டின் இரண்டாம் கட்டை, அதாவது உள்பகுதியை, தாண்டுவதே கஷ்டம், 2.4 ஓரளவு ஊடுருவும்; ஜிக்பீ (சின்ன சென்சார்களுக்கான கம்பியில்லா இணைப்பு முறை) வகை என்றால் கரண்டில் ஓடும் ஒவ்வொரு ஜிக்பீ ஸ்மார்ட் பிளக்கும் சிக்னலை அடுத்ததற்குக் கடத்திவிடும். செய்தி வந்ததும் ஏணி வைத்து ஏறிப் பார்க்க ஊரில் ஒருத்தரைச் சம்பளத்துக்கு வையுங்கள்.

அப்புறம் கேமரா. ஆள் இருக்கிற வீடென்றால் தயவுசெய்து முகப்போடு நிறுத்துங்கள். வளவில், அதாவது உள்முற்றத்தில், ஆச்சி தலை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவர்களைக் கேட்காமல் மாட்டுவது தப்பு.