330-ஐப் பாருங்கள்: ஆர்பிபி4 குப்பியோடு ஒரு மாதம்

போன மாதம் முழுக்க ஒரே ஒரு புரதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஆர்பிபி4. வைட்டமின் ஏ-வை, அதாவது ரெட்டினாலை, கல்லீரலில் இருந்து ரத்தம் வழியாகக் கண்ணுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் சுமந்து போகிற மனிதப் புரதம். நாங்கள் வாங்கியது ரீகாம்பினன்ட் சரக்கு, அதாவது மரபணுவைப் புகுத்தி, மனிதச் செல்களை வளர்த்து எடுத்தது. குப்பியின் அடியில் வெள்ளையாக ஒரு படலம், அவ்வளவுதான். முதலில் சென்ட்ரிபியூஜில் ஒரு சுற்று விட்டு, பஃபரை (அமிலத்தன்மை மாறாத கரைசலை) ஓரமாக விட்டு, குலுக்காமல் கரைத்தேன். இதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது.

சோதனை எளியது. புரதத்தின் மேல் 280 நானோமீட்டர் ஒளியை அடித்தால் அதில் உள்ள டிரிப்டோபான் என்ற அமினோ அமிலங்கள் 340 பக்கத்தில் ஒளிரும். ரெட்டினால் உள்ளே போய் உட்கார உட்கார அந்த ஒளிர்வு மங்கும். ஒரு புரதத்துக்கு ஒரு ரெட்டினால் என்பது கணக்கு, அதனால் 1 மைக்ரோமோலார் (செறிவின் அளவு) புரதம் எடுத்தால் 1 மைக்ரோமோலார் ரெட்டினால் சேர்த்த இடத்தில் வரைபடக் கோடு வளைந்து படுக்க வேண்டும். எனக்குப் பாதியிலேயே படுத்துவிட்டது. திரும்பச் செய்தேன், அதே பாதி. ரெட்டினால்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன், வெளிச்சமும் காற்றும் பட்டால் சீக்கிரம் வீணாகிற பொருள் அது. புதிதாக எத்தனாலில் கரைத்து, டியூபை அலுமினியத் தாளில் சுற்றி, அறை விளக்கை அணைத்துவிட்டு மஞ்சள் விளக்கில் வேலை செய்தேன். அப்போதும் பாதிதான்.

எங்கள் ஜூனியர் பெண் ரொம்ப நியாயமாகக் கேட்டாள்: "அக்கா, லேபிள்ல 95 சதவீதத்துக்கு மேல தூய்மைன்னு போட்டிருக்கே, அப்புறம் என்ன பிரச்சினை?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் விஷயம் பிடிபட்டது. அந்தத் தூய்மையைப் பார்த்தது, புரதங்களை எடைப்படி பிரித்துக் காட்டுகிற எஸ்டிஎஸ் ஜெல்லில். ஜெல்லில் ஏற்றும் முன்பே புரதத்தைக் கொதிக்க வைத்து மடிப்பைக் குலைத்துவிடுகிறோம், உள்ளே ரெட்டினால் இருந்தால் அதுவும் போய்விடும். இந்தப் புரதத்தின் எடையான 21 கிலோடால்டன் பக்கத்தில் அழகான ஒற்றைப் பட்டை தெரியும், ரெட்டினால் உட்காரும் குழிக்குள் ஏதாவது இருந்ததா என்று அந்தப் பட்டை சொல்லாது.

அன்று சாயங்காலம் மிச்சமிருந்த புரதத்தை எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோவில் வைத்து 250-லிருந்து 400 நானோமீட்டர் வரை ஓட்டினேன். 280-ல் வழக்கமான மேடு. 330-ல் இன்னொரு மேடு! புரதத்துக்கு அங்கே வேலையே இல்லை, அது ரெட்டினாலின் மேடு. முழுக்க நிரம்பிய ஆர்பிபி4-இல் 330-இன் அளவும் 280-இன் அளவும் கிட்டத்தட்ட சமமாக இருக்கும், எனக்கு வந்தது பாதி. ஆக, குப்பியில் இருந்த புரதத்தில் ஏறக்குறைய பாதி, வரும்போதே ரெட்டினாலோடுதான் வந்திருக்கிறது. செல்களை வளர்க்கச் சேர்க்கிற சீரத்திலேயே (ரத்தத்தின் தெளிந்த நீரிலேயே) ரெட்டினால் உண்டு என்று எனக்குத் தெரியும், ஆனால் அதை இதோடு சேர்த்து யோசிக்கவில்லை.

ஈ.கோலை பாக்டீரியாவில் செய்ததை வாங்கினால் தப்பித்துவிடலாமா என்றால், அதுவும் இல்லை. பாக்டீரியாவுக்குள் இது பெரும்பாலும் கரையாத கட்டிகளாகத்தான் சேரும், சிஸ்டீன் என்ற ஆறு அமினோ அமிலங்களும் சரியான ஜோடி சேர்ந்து மூன்று டைசல்ஃபைடு (கந்தகப்) பிணைப்பு உருவாக வேண்டும், அதற்காகப் பிரித்து மறுபடி மடிக்கும்போது பலரும் ரெட்டினாலைச் சேர்த்தே மடிப்பார்கள். இன்னொரு தொல்லை எண்டோடாக்சின், பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கிற நச்சு. 2005-இல் பார்பரா கான் என்ற ஆய்வாளரின் குழு, இந்தப் புரதம் இன்சுலின் எதிர்ப்புக்குக் காரணமாகலாம் என்று எலிகளில் காட்டியதிலிருந்து இதைச் செல்கள் மேல் ஊற்றிப் பார்க்கிறவர்கள் அதிகம். பாக்டீரியாவின் எண்டோடாக்சின் துளி கலந்திருந்தாலே செல்கள் அழற்சி காட்டும், அந்தப் பழி ஆர்பிபி4 மேல் விழும். அந்த வேலைக்கு வாங்குகிறவர்கள் எண்டோடாக்சின் அளவைக் கேட்காமல் வாங்கவே கூடாது.

வாங்கும் முன் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். புரதம் கெடாமல் இருக்க பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்தின் ஆல்புமின் புரதம்) சேர்த்திருக்கிறார்களா? அதுவும் ரெட்டினாலைப் பிடிக்கும், பிணைப்புச் சோதனைக்கு ஆகாது. டேக், அதாவது புரதத்தைப் பிரித்தெடுக்க ஒட்டவைக்கிற சிறு வால், எந்த முனையில்? ரத்தத்தில் இது டிரான்ஸ்தைரெட்டின் என்ற பெரிய புரதத்தோடு ஒட்டித்தான் போகிறது, தனியாகப் போனால் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றிவிடும். அந்த ஒட்டும் இடத்தில் ஆர்பிபி4-இன் கடைசி முனையும் சேர்ந்திருக்கிறது, அங்கே ஹிஸ் டேக் (ஹிஸ்டிடின்களால் ஆன வால்) தொங்கினால் எனக்கு நம்பிக்கை வராது. ரெட்டினால் இல்லாத புரதம் டிரான்ஸ்தைரெட்டினை அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காது என்பதால், அந்தச் சோதனைக்கும் 330-ஐப் பார்த்தே ஆக வேண்டும்.

கடைசியில் ஈதர் சேர்த்து, நுரைக்காமல் மெல்ல உருட்டி எடுத்தேன். ரெட்டினால் மேல் அடுக்குக்குப் போய்விட்டது, கீழ் அடுக்கைத் திரும்ப ஓட்டியபோது 330 மேடு தரையோடு தரையாக இருந்தது. அடுத்த நாள் கோடு 1 மைக்ரோமோலாருக்குப் பக்கத்தில் வளைந்தது. ஜூனியர் இப்போது மைனஸ் 80-இல் வைக்கிற ஒவ்வொரு டியூபின் மூடியிலும் தேதிக்குக் கீழே 330/280 எண்ணையும் எழுதிவிட்டுத்தான் வைக்கிறாள்.