டீ மட்டும்தான் போட்டேன்

"ஐயா, நான் டீ மட்டும்தான் போட்டேன்."

நேற்றிரவு கடை வாசலில் யாரோ இருவர் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். காலையில் விசாரிக்க வந்தவர்களிடம் டீக்கடை அண்ணன் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கையிலிருந்த வடிகட்டியைக் கீழே வைக்க மறந்துவிட்டார். முழங்கை வழியாக டீ சொட்டிக்கொண்டிருந்தது.

ஐந்து நிமிடத்தில் போய்விட்டார்கள். அடுத்த டீயில் சர்க்கரை இரண்டு மடங்கு.

எனக்கு வாவெர் நினைவுக்கு வந்துவிட்டது.

ஜெர்மனி பிடித்து வைத்திருந்த போலந்தில், தலைநகர் வார்சாவை அப்போது ஒட்டியிருந்த ஊர். 1939 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மாலை. அந்தோனி பார்தோஷெக்கின் உணவகத்தில் ஜெர்மன் படையினர் இருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு இரண்டு ரவுடிகள் தப்பிவிட்டார்கள்.

அன்றிரவே ஜெர்மன் போலீஸ் படை வீடு வீடாகப் புகுந்தது. தூக்கத்திலிருந்த ஆண்களை இழுத்து வந்தார்கள். பலருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. விசாரணை என்று ஒரு நாடகம். 114 பேருக்கு மரண தண்டனை. 107 பேரைக் கொன்றார்கள். பிழைத்தவர்கள் ஏழு பேர்.

இதைப் பழிக்குப் பழி என்றுகூடச் சொல்ல மனம் வரவில்லை. செய்தவனைத் தேடுவது கஷ்டம், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது சுலபம். அவ்வளவுதான்.

உத்தரவிட்ட அதிகாரி மாக்ஸ் டௌமே 1947இல் தூக்கிலிடப்பட்டார்.

பார்தோஷெக்கைச் சுடவில்லை. அவருடைய கடை வாசலிலேயே தூக்கில் தொங்கவிட்டார்கள்.

மாலையில் திரும்பும்போது டீக்கடை வாசலை நிமிர்ந்து பார்த்தேன். வழக்கம்போல வாழைத்தார் தொங்கிக்கொண்டிருந்தது.