ஒரே ஒரு காற்புள்ளி

இன்று விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் பழைய திருத்தங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் நள்ளிரவு தாண்டி வந்து ஒரே ஒரு காற்புள்ளியைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

பெயர்கூட இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில், கணக்கு இல்லாமல் வந்தவரின் இணைய முகவரி எண்கள்தான்.

கூலி இல்லை, பாராட்டு இல்லை, பிறகு எதற்காக?

சேவை மனப்பான்மை என்று சொல்லி முடித்துவிடுகிறோம், எனக்கு அது போதவில்லை. பிழை கண்ணில் பட்டது, திருத்தும் பொத்தான் பக்கத்திலேயே இருந்தது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பலரும் இப்படித்தான் உள்ளே வருகிறார்கள் என்று நினைக்கிறேன். அப்புறம் தங்கிவிடுவதற்குக் காரணம் வேறு. தான் தொடங்கியதை முன்பின் தெரியாத இன்னொருவர் வளர்த்திருப்பதைப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே, அது பெரிசு.

2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது, அந்த நாட்டைப் பார்த்தே இராத பலர் செயற்கைக்கோள் படங்களை வைத்து, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருத்தெருவாக வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதைப் பயன்படுத்தின. பயன் கண்ணுக்குத் தெரிந்தால் தூக்கம்கூட வராது.

ஆனால் ஆசையோடு வந்த புதியவரின் முதல் திருத்தத்தை ஒரு விளக்கமும் இல்லாமல் நீக்கினால் அவர் ஏன் திரும்பி வரப்போகிறார்? பழையவர்களே, நீக்குவதற்கு முன் அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள்.