வானவன் மாதேவி ஈச்சரத்தில் ஏற்றிய விளக்கு

அம்மா மட்டக்களப்பில் நோய்ப்பாயில் கிடந்த நாட்களில் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரரை நினைந்து நான் ஒரு நேர்த்தி வைத்தேன். அம்மா எழுந்து நடந்ததும், அப்பாவுக்குக் கடைசிவரை கைகூடாத பொலநறுவைப் பயணத்தை அவரோடு சென்று முடித்து, அங்குள்ள சோழர் காலச் சிவன் கோயிலான வானவன் மாதேவி ஈச்சரத்தில் விளக்கேற்றித் தேவாரம் பாடுவேன் என்பதே அது.

விடியற்காலைப் பேருந்தில் வாழைச்சேனை, வெலிக்கந்தை கடந்து, மன்னம்பிட்டியில் மகாவலியைத் தாண்டும் வரை அம்மா நின்றுகொண்டே வந்தார். நோயாளி என்று சொல்லியும் இருக்கை தர எவருக்கும் மனம் வரவில்லை. இறங்கியதும் ஓட்டோக்காரர்களும் வழிகாட்டிகளும் சூழ்ந்துகொண்டார்கள். நாலு எட்டுத் தூரத்துக்கு ஒருவர் கேட்ட கூலியில் ஒரு வாரத்துக்கு அரிசி வாங்கலாம். ஆனாலும் அம்மாவின் கால்களை எண்ணி ஏறினோம்.

இராசராசனின் தேவி, இராசேந்திரனின் தாய், அவர் பெயரில் நிற்கும் அந்தக் கற்றளியின் முன் வெறுங்காலோடு நின்றபோது மணல் சுட்டது. உள்ளே போனதும் குளிர்ந்தது. குருக்கள் எவரும் இல்லை. இருட்டுக்குக் கண் பழகியபின் இலிங்கம் மெல்லத் தெரிய, ஆறு மாதமாகப் பேசவே திணறிய அம்மா, நான் தொடங்கும் முன்பே பதிகத்தை எடுத்துவிட்டார். குரல் நடுங்கியது, ஒரு சொல்லும் தவறவில்லை. நான் பாட வந்தவன், அழுதுகொண்டு நின்றேன். ஐயனே, வேறென்ன கேட்பேன் உன்னிடம்!

இங்கே கல்வெட்டு விட்டுச் சென்ற அதிராசேந்திர சோழனுக்கும் தேவாரம் பாடப்பட்டிருக்கிறது. அவன் நோயுற்றபோது குணமடைய வேண்டிப் பாடும்படி சோழநாட்டுக் கூகூரில் ஏற்பாடு செய்தார்கள். முதலாம் இராசேந்திரனின் மூன்று மக்கள் ஒருவர்பின் ஒருவராக ஆண்டு, கடைசியாக வீரராசேந்திரன் 1070இல் மறைய, அவன் மகனான அதிராசேந்திரன் தனியாட்சி கண்டது சில கிழமைகளே. மைத்துனனான சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் கங்கைகொண்ட சோழபுரத்தில் அரியணையில் இருத்திவிட்டுப் போனபின், கிளர்ச்சியில் இவன் கொல்லப்பட்டதாக விக்கிரமாதித்தனின் அவைப்புலவர் பில்கணர் பாடுகிறார். அதே ஆண்டில், சோழர் வசமிருந்த பொலநறுவை சிங்கள மன்னன் விசயபாகுவின் கைக்குப் போனது. சோழ அரியணை, இராசேந்திரனின் மகள் அம்மங்கையின் பிள்ளையான வேங்கி நாட்டு இளவரசன் குலோத்துங்கனுக்குப் போனது.

இதைச் சொன்னதும் அம்மா, “மகள்ட பிள்ளைதானே, அதில என்ன குறை?” என்றார். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவியையே தாய்வழிக் குடியில் எண்ணுகிற ஊர்க்காரி வேறெப்படிச் சொல்வார்! கணக்காகப் பார்த்தால் அம்மங்கையும் தன் தாயின் குடியே, சோழனின் குடி அல்ல. அந்த வழக்கை அவரிடம் எடுக்க எனக்குத் துணிவில்லை.

சற்று நேரம் பேசாதிருந்தவர், கைப்பையிலிருந்த மிச்சத் திரியை எடுத்தார். “பாட்டுப் பாடியும் அந்தப் பொடியன் பிழைக்கல்லையே மகன். அவன்ட பேரிலயும் ஒண்டு வை,” என்றார். வைத்தேன். வெளியே ஓட்டோக்காரர் விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்.